மணிமொழியின் ஏரிப் பாட்டு

எலவனாசூர்கோட்டை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே காசியம்மாள் நடத்தும் தையல் கடையில் மணிமொழி பிளவுஸ் தைக்கிறாள். பாட்டும் கட்டுகிறாள். சினிமாப் பாட்டைத் திருப்பிப் பாடுகிறவள் அல்ல. சொல்லும் மெட்டும் அவளுடையவை. தையல் மிஷின் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு வரி வந்துவிட்டால் காலை நிறுத்திவிட்டு போனை எடுத்து முணுமுணுத்து வைத்துக்கொள்வாள். "பொறந்துச்சுடி ஒண்ணு!" என்று காசியம்மாள் சிரிப்பாள்.

மணிமொழி பிறந்தது களமருதூர். அப்பா அம்மா இருவரும் கூலிக்கு நடவு நட்டவர்கள், களை பறித்தவர்கள். பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து, எலவனாசூர்கோட்டை அய்யனாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அய்யனார் ஒரு தனியார் நெல் குடோனில் மூட்டை தூக்குகிறவன். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம்.

ஆனால் அவளுக்குப் பாட வழி காட்டியது அவன்தான். வீட்டில் பாடிப் பதிவு செய்தால் மயில் கத்தும், மோட்டார் ஓடும், யாராவது ஒருத்தர் ரேடியோ செட்டை அலற விடுவார்கள். ஒருநாள் சலித்துப்போய் போனைப் பாயில் எறிந்தாள்.

"குடோன்ல வந்து பாடேன். ஞாயித்துக்கெழம லோடு கெடையாது. மூட்ட அடுக்கிக் கெடக்கு, உள்ள ஒரு சத்தம் வராது" என்றான் அய்யனார்.

முதலாளியிடம் கேட்டு அனுமதியும் வாங்கினான். கூரை வரைக்கும் அடுக்கிய நெல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அவள் பாடினாள். எதிரொலியே இல்லை. கேட்டுப் பார்த்தபோது தன் குரல் இவ்வளவு பக்கத்தில் இருக்குமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அதை இணையத்தில் போட்டாள். கேட்டவர்கள் கொஞ்சம்பேர்தான். அதில் ஒருத்தன் செழியன். கள்ளக்குறிச்சியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடைக்குள்ளேயே ஒரு கீபோர்டும் கம்ப்யூட்டரும் உண்டு. "அக்கா, இதுக்கு மியூசிக் போட்டு அனுப்பட்டா?" என்று கேட்டிருந்தான். போட்டு அனுப்பினான். பாட்டுக்குப் புதுத்துணி உடுத்தினாற்போல் இருந்தது.

பிறகு சின்னராசு சேர்ந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் மரவள்ளி பயிரிடுகிறவர், கோயில் திருவிழாக்களில் உடுக்கை அடிக்கிறவர். உடைந்த போனைச் செழியனிடம் கொண்டுவந்தவர், அங்கே ஓடிக்கொண்டிருந்த மணிமொழியின் குரலைக் கேட்டு நின்றுவிட்டார். அவர் ஊரில் சிக்னல் கிடைக்காது. உடுக்கையை வாசித்துப் பதிவு செய்துகொண்டு, மலைப் பாதையில் ஒரு வளைவு வரைக்கும் நடந்துபோய் அங்கிருந்துதான் அனுப்புவார். மூன்று பேரும் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் நின்றதே கிடையாது. பாட்டு மட்டும் மலையேறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்படி வந்ததுதான் ஏரிப் பாட்டு.

*ஏரி நெறயுது வந்து பாரு,*
*எறங்கி நிக்குது வானம்.*
*உனக்குத்தான் எடம் வச்சிருக்கேன்,*
*ஓரமாப் படுத்துக்கினு நானும்.*

செழியன் அதை மழைப் பாட்டு என்று நினைத்தான். சின்னராசு காதல் பாட்டு என்று நினைத்தார். மணிமொழி இருவரையும் திருத்தவில்லை.

கல்யாணமான மறுவருஷம் அவளுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. பெண் குழந்தை. அவள் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியாமல் கிடந்தபோதே அய்யனார் கொண்டுபோய் ஏரிக்கரையோரம் புதைத்துவிட்டு வந்தான். ஏரிக்கரை என்பது மட்டும் அக்கம்பக்கத்துப் பேச்சில் அவள் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தபின் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பெயர் வைக்காத பிள்ளையைப் பற்றி என்னவென்று பேச்செடுப்பது? வருஷங்கள் போயின. சொல்ல முடியாததைப் பாட முடிந்தது, பாடிவிட்டாள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒரு முற்பகல் பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று கடைவீதியில் ஊர்ந்து வந்தது. வேறு யாரோ ஒரு ஆணின் குரல். மெட்டு அவளுடையது.

*பூட்டு சாவிய வந்து பாரு,*
*போட்டுப் பாரு ஓட்டு.*
*நமக்குத்தான் எடம் வச்சிருக்காரு…*

"பாட்டு ஷோக்கா கீதுல்ல?" என்று காசியம்மாள் காலால் தாளம் போட்டாள். மணிமொழிக்கு ஊசி போன இடம் தெரியவில்லை. துணியோடு சேர்த்து விரலிலும் இறங்கியிருந்தது. ரத்தத்தைப் பார்த்துக் காசியம்மாள் பதறினாள். "தலய வலிக்குதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மணிமொழி வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் பிள்ளைகள் ஆட்டோவுக்குப் பின்னால் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டு வாசலில் அய்யனார் உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் அவன் வீட்டில் இருந்து அவள் பார்த்ததில்லை.

"குடோன்ல பசங்க அத விசிலடிச்சிக்கினு இருந்தானுங்க. என்னால நிக்க முடியல, வந்துட்டேன்" என்றான்.

"எத?"

"நம்ம புள்ள பாட்ட."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனுக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீ உள்ள பாடச்சொல்ல நான் ஷட்டராண்டதான் நின்னேன். ஏரின்னும் எடம் வச்சிருக்கேன்னும் வந்துச்சா, தெரிஞ்சிபோச்சு."

"ஏன்யா என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீயும் சொல்லலியே." தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். "மழ பேஞ்சா நான் ஏரிக்குப் போய்ப் பாத்துட்டு வருவேன். தண்ணி அந்த எடத்துக்கு ஏறுதான்னு. இதுவரிக்கும் ஏறல."

மழை நாளில் இவன் எங்கே போகிறான் என்று அவள் பலமுறை எரிந்து விழுந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் இருவரும் ஒன்றாக அழுதார்கள். குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டாள். தலை நிறைய முடி என்று சொன்னான். மூக்கு உன் மூக்கு என்றான். அடுப்பு பற்றவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். செழியன் ஓடிவந்து வரவேற்றான். "வாக்கா! வாங்கண்ணா! பாட்டக் கேட்டீங்களா? சித்தப்பா ஒன்றியக் கவுன்சிலருக்கு நிக்கிறாரு, நல்ல மெட்டா ஒண்ணு குடுறான்னாரு. ஊரு பூரா நம்ம பாட்டுதான்!"

"என்னாண்ட கேட்டியா தம்பி?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "உனுக்கு சந்தோஷமா இருக்கும்னுதாங்கா…"

அது யாருக்கான பாட்டு என்று மணிமொழி சொன்னாள். சத்தம் போடவில்லை, நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவன் கழற்றி வைத்திருந்த போனின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதே இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனுக்குத் தெரியாதுக்கா" என்றான். "தெரியலன்னாலும் கேட்டிருக்கணும்" என்றும் அவனே சொன்னான்.

அவர்கள் எதிரிலேயே சித்தப்பாவுக்குப் போன் போட்டான். அவர் குரல் வெளியே கேட்டது: "இன்னாடா வெளயாடுறியா? இந்தப் பாட்டாலதான் சின்னமே ஜனத்துக்குத் தெரிஞ்சிது. இப்ப போய் நிறுத்துன்னா?" செழியன் கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் கிளம்பினான். தியாகதுருகம் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவை மறித்துப் பென்டிரைவைப் பிடுங்கினான். அதோடு சித்தப்பா வீட்டு வாசல் அவனுக்கு மூடிப்போனது. ஆனால் பாட்டு அதற்குள் பல கைகளுக்குப் போயிருந்தது. பிரச்சாரம் முடிகிற வரைக்கும் எங்கோ ஒரு மூலையில் ஒலித்தது. சித்தப்பா ஜெயித்தார்.

மலையிலிருந்து சின்னராசுவின் குரல் செய்தி தாமதமாக வந்தது. "செழியன் சொல்லிச்சும்மா. நான் திருவிழாவுக்கு அடிக்கிறாப்புல அடிச்சிட்டேனே! பச்சப்புள்ளைக்கு அப்பிடி அடிப்பாங்களா? ஒருவாட்டி மேல வாங்க எல்லாரும். வேற மாதிரி அடிச்சித் தரேன்."

மணிமொழிக்கு மனம் வரவில்லை. செழியன் மேல் கோபம் ஆறவில்லை. அந்த மெட்டைக் கேட்டாலே பூட்டு சாவிதான் காதில் விழுந்தது. இனி பாட்டே வேண்டாம் என்றுகூட நினைத்தாள். அய்யனார்தான் விடவில்லை. "அவுங்க வாயில இருக்கறதே கடசியா இருந்துடக் கூடாது" என்றான். அவன் அவளிடம் பிடிவாதம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் வளைந்து வளைந்து மேலே ஏறியது. மணிமொழி வாந்தி எடுத்தாள். செழியன் முன்சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கிக் குடித்தாள். பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது.

சின்னராசுவின் வீட்டைச் சுற்றி மரவள்ளி தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. அவர் மனைவி அவித்த கிழங்கு கொடுத்தாள். கரண்ட் இல்லை, செழியன் கொண்டுவந்த கருவிகள் பையிலேயே கிடந்தன. போனை ஒரு மண்பானை மேல் சாய்த்து வைத்தார்கள். சின்னராசு உடுக்கையை மடியில் படுக்கவைத்து, அடிக்காமல், விரல் நுனியால் தட்டினார். உள்ளங்கையால் குழந்தையின் முதுகைத் தட்டுகிற தாளம் அது. மணிமொழி முதல் தடவை பாடும்போது இரண்டாம் வரியிலேயே உடைந்துபோனாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த தடவை முழுதாகப் பாடினாள். அதற்கு மேல் பாடவில்லை. செழியன் கீபோர்டு சேர்க்கிறேன் என்று ஆரம்பித்து, வேண்டாம் என்று தானே நிறுத்திக்கொண்டான்.

பாட்டை வெளியிட்டபோது அதன் கீழே அவள் ஒரு வரி எழுதினாள்: "பெயர் வைப்பதற்கு முன் போன எங்கள் மகளுக்கு." எழுதலாமா என்று அய்யனாரிடம் கேட்டுத்தான் எழுதினாள்.

அது பெரிய வெற்றி என்றெல்லாம் சொல்ல முடியாது. பூட்டு சாவியைக் கேட்டவர்களில் பாதிப்பேர்கூட இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டவர்களில் சிலர் அவளைத் தேடிப் போன் செய்தார்கள். உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவும் ஆயம்மாள் என்கிறவள், "எனுக்கும் ரெண்டு போச்சும்மா. இதுவரிக்கும் யாராண்டயும் சொன்னதில்ல" என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினாள். மணிமொழி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். காசியம்மாள் அன்றைக்கு அவளை வேலைக்கு விரட்டவில்லை.

இப்போது மூன்று பேரும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாட்டு அவர்களைத் தாண்டி யாருக்குப் போவதானாலும் மூன்று பேரும் வாயால் சரி என்று சொல்லியாக வேண்டும். சின்னராசுவின் சரி வந்துசேர ஒரு வாரம்கூட ஆகும். செழியன் காத்திருக்கிறான். சந்தையில் பொடிசுகள் இன்னமும் பூட்டு சாவிப் பாட்டைப் பாடுகின்றன. கேட்கும்போது மணிமொழிக்கு வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று அவள் சொல்வதில்லை. நின்று கேட்பதும் இல்லை. கத்தரிக்காயை முறைத்துப் பேரம் பேசிக்கொண்டு நடக்கிறாள்.

போன மாதத்திலிருந்து ஒரு கேலிப் பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறாள். சொன்ன தேதிக்குப் பிளவுஸ் தராத தையற்காரிக்கும், கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கிற பெண்ணுக்கும் நடக்கும் சண்டை. தையற்காரியின் பகுதியைக் காசியம்மாளே பாடுகிறாள். சுருதி எங்கேயோ போகிறது; செழியன் அதைத் திருத்தக் கூடாது என்பது மணிமொழியின் கண்டிப்பு.