டெம்போ சத்தம் போட்ட ஜீப்

போன வாரம் மகனுடைய புதுக் காரை சர்வீசுக்கு விட்டிருந்தோம். கண்ணாடி அறை, ஏசி, காகிதக் கோப்பையில் காப்பி. என்னை உட்கார வைத்துவிட்டு மகன் போன் பேசப் போய்விட்டான். யாரோ உள்கதவைத் திறந்தார்கள். ஒரு வாசனை வந்தது பாருங்கள், கியர் ஆயில் வாசனை! கந்தகத்தை வெல்லப்பாகில் போட்டுக் கிண்டினால் எப்படி இருக்கும், அப்படி. எழுந்து கதவுப் பக்கம் போனேன். "சார், கஸ்டமர் உள்ள வரக் கூடாது" என்றார் டை கட்டிய ஒருத்தர். என்னைப் பார்த்து! ஒரு ஜீப்பின் வயிற்றைக் கிழித்து வேறு வயிறு வைத்தவனைப் பார்த்து!

அந்த வாடை சோப்புக்கெல்லாம் போகாது. என் வீட்டுக்காரி என் சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள். "பள்ளிக்கூட யூனிபாரம்ல ஏறிச்சின்னா டீச்சரம்மா புள்ளைங்கள வெளிய நிக்க வைப்பாங்க" என்பாள். அவள் திட்டினாலும் எனக்கு அந்த வாடை சந்தனம். நான் படித்தது நாலாவது வரைக்கும். லாரி கிளீனராக ஆரம்பித்து, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜெனரேட்டர், லைட் செட், மைக் செட் வாடகைக் கடை வைத்தேன். எவனும் கைதூக்கி விடவில்லை. சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் ஜெனரேட்டர் வண்டியை இழுக்க என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும், மேடு வந்தால் மூச்சு வாங்கும். அந்த வருஷம் மாசி மகத்துக்கு, கடற்கரையில் சாமிகள் வந்து இறங்குகிற இடத்தில் லைட்டும் மைக்கும் என் பொறுப்பு. ஜெனரேட்டரோடு மணலில் இறங்கினேன். நாலு சக்கரத்தையும் போட்டும் இன்ஜினுக்குத் தம் போதவில்லை, பாதியில் புதைந்து நின்றுவிட்டது. பந்தல்கார மாணிக்கம் தன் டிராக்டரைக் கொண்டு வந்து கயிறு கட்டி இழுத்தான். இழுத்தது பெரிதில்லை. இழுத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான் பாருங்கள், அதில்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழாத் தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார்: "அடுத்த வருசமும் நின்னுச்சின்னா, மாணிக்கமே லைட்டும் பாத்துக்கட்டும்."

ஊரில் பெரிய வேலை அது ஒன்றுதான். அது போனால் கல்யாண வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகப் போவார்கள். இன்ஜினை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

சிதம்பரத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருந்த காசிம் பாயிடம் போனேன். அவர் கடையில் எது எங்கே கிடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, ஆனால் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார். கவிழ்ந்த டெம்போ ஒன்றின் டீசல் இன்ஜினைக் காட்டி, "கேக்குறவங்க ஜாஸ்தி. ஒங்களுக்காவ எடுத்து வச்சேன்" என்றார். அதன்மேல் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அந்தோணிக்கு வாய் என்னைவிட நீளம். "அண்ணே, இத உள்ள வச்சிட்டன்னா இமயமலைக்கே போவலாம்" என்றான். டெம்போ இன்ஜினுக்கும் ஜீப் கியர்பாக்ஸுக்கும் போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகாது. இன்ஜின் முகத்தில் கிரீஸ் தடவி, சீலிங் ஃபேன் பெட்டி அட்டையை ஒட்டி எடுத்தால் ஓட்டைகள் அச்சாக விழும். அந்த அட்டையைச் சிப்காட் பக்கம் ஒரு லேத்துக்குக் கொண்டுபோய் இரும்புத் தட்டு கடைந்து நடுவில் வைத்தோம். டீசல் இன்ஜின் நிதானமாகச் சுற்றுகிற ஜாதி. வேகம் வேண்டுமென்று பின் அச்சில் இருக்கிற கிரவுன் பல்சக்கரத்தையும் மாற்றினோம். பழையதைப் பாயிடம் போட்டுவிட்டோம்.

ஓடியது பாருங்கள்! கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்களை முந்திக்கொண்டு போனேன். ஆனால் 'டகடகடக' என்று முழு டெம்போ சத்தம். தெருமுனையில் நான் திரும்பும்போதே டீக்கடை ராசு எனக்கு கிளாஸைக் கழுவி வைத்துவிடுவான். கடன் கேட்க வருகிறவர்களும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் வருவார்கள், அது வேறு கதை.

அடுத்த மாசி மகத்துக்கு முந்தின வாரம் மணலில் ஒத்திகை பார்க்கப் போனோம். முன் சக்கரத்துக்கான லீவரைப் போட்டேன். வண்டி முனகியது, முதுகை வளைத்துக்கொண்டு துள்ளியது, லீவர் இறுகிக்கொண்டு திரும்ப வரமாட்டேன் என்றது. முன்சக்கரம் ஒரு ஊருக்கும் பின்சக்கரம் ஒரு ஊருக்கும் போகப் பார்த்தன. அந்தோணி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவேயில்லை.

"இன்னாடா?"

"அண்ணே, பின்னாடி பல்லு மாத்துனமே... முன்னாடி மாத்தலியே. ரெண்டும் ஒரே கணக்குல சுத்தணுமே."

எங்கள் பக்கத்தில் ஜீப் எல்லாம் ஆள் ஏற்றுகிற ஜீப். முன்சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்டைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார்கள். வருஷக் கணக்கில் அப்படியே பழகின கைகளுக்கு, முன்னாலும் ஒரு பல்சக்கரம் இருப்பதே மறந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

பழையதையே பின்னால் திரும்ப மாட்டலாம் என்று பாயிடம் ஓடினால், அந்தக் கிரவுன் எப்போதோ உருக்கப் போய்விட்டது. முன் அச்சுக்குப் பொருந்துகிற கிரவுனை யாரும் வைத்திருக்கவில்லை. பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "பெண்ணாடத்துல கரும்புக்காரர் ஒருத்தரு வூட்ல டீசல் ஜீப்பு ஒண்ணு நிக்குது. முன் ஷாஃப்டு கழட்டாத வண்டி. ஆனா குடுக்க மாட்டாரு, அவுங்க அப்பா ஓட்டுனது" என்றார்.

போனோம். டயரெல்லாம் மண்ணில் இறங்கிய வண்டி, ஆனால் முகப்பில் பொட்டு, பூ. கரும்புக்காரர், "இது விக்கிற வண்டி இல்லீங்க. எங்கப்பா உக்காந்த வண்டி" என்றார்.

இந்த இடத்தில்தான் என் வாய் எனக்குச் சோறு போட்டது. "வண்டி வேணாம் மாமா. முன் அச்சு வயித்துல இருக்கிற பல்லு மட்டும் எடுத்துக்கறேன். மூடிய திரும்ப மாட்டி, பழைய நட்டயே போட்டுத் தர்றேன். ஒங்க வண்டி ஒரு விரக்கட கூட சாயாது. ஒங்க அப்பாவோட பல்லுதான் மாசி மகத்துல சாமிக்கு லைட்ட இழுக்கப் போவுது."

அவர் முகப்பில் சரிந்திருந்த பூவை நிமிர்த்தி வைத்தார். "பூவ மட்டும் கசக்கிடாதீங்க" என்றார்.

அந்தோணி அந்த வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை தரம் சுற்றுகிறது என்று பார்த்தான். எங்கள் பின் அச்சுக்கு அப்படியே ஒத்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டோம். பூ கசங்கவில்லை.

மாசி மகத்தன்று காலை மாணிக்கம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மணல் ஓரமாகத் தயாராக நின்றான். லீவரைப் போட்டேன். நாலு சக்கரமும் ஒரே மனதாக மணலைக் கடித்தன. ஜெனரேட்டர் பின்னாலேயே வந்தது. தண்ணீர் தொடுகிற தூரம் வரைக்கும் போய், தேவையே இல்லாமல் ஒரு வட்டமும் அடித்துத்தான் நிறுத்தினேன். மாணிக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அவனும் சிரித்துவிட்டான்: "போதும் மச்சான், எறங்கு."

தலைவர் வந்தார். "நல்லாத்தான் இழுக்குது. சத்தத்த மட்டும் கொறச்சிக்கய்யா, மோளமே காதுல வுழல." அதற்குப் பிறகு நான் கடையை மூடும்வரை அந்த வேலை வேறு கைக்குப் போகவில்லை.

இப்போது பாயின் இரும்புக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தோணி மகளோடு ஓசூர் போய்விட்டான். ஜீப்புக்கு ஆர்டிஓ ஆபீசில் மறுபடி எஃப்சி தரவில்லை, உடைக்கப் போனது. உடைப்பதற்கு முன் அந்தக் கிரவுனை மட்டும் கழற்றிக்கொண்டு பெண்ணாடம் போனேன். கரும்புக்காரர் அதை வாங்கித் துடைத்து ஜீப்பின் சீட்டில் வைத்தார்.

சர்வீஸ் முடிந்து அன்று மகன் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டான். கார் வந்தது எனக்கே கேட்கவில்லை. ராசு முதுகைக் காட்டிக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தான். என் கிளாஸ் கழுவியிருக்கவில்லை.