உமையாள் எடுத்த இழை

போன மழைக்காலத்தில் என் மகள் உமையாள் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. நிறமோ வாசனையோ கொஞ்சம் மாறினாலும் அவளுக்கு அது சாப்பாடே இல்லை. வெறும் இடியாப்பம், பால், வெள்ளைப் பணியாரம், இவ்வளவுதான் தொடுவாள். காரைக்குடியில் பிறந்துவிட்டு, பந்தி பந்தியாக விருந்து நடக்கையில் என் பிள்ளை மட்டும் ஓரமாகப் பணியாரத்தைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். அதற்கே நான் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் அன்பு என்றால் இலையில் வைப்பதுதான். வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழும். என் வீட்டுக்காரரின் அக்கா, நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம், தேவகோட்டையிலிருந்து வந்து தங்கியிருந்தார். பிள்ளை இளைத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பணியார மாவில் சத்துமாவைக் கலந்து ஊற்றிவிட்டார். உமையாள் ஒரு கடி கடித்தாள். துப்பினாள். அதோடு பணியாரம் போயிற்று. மறுநாள் இடியாப்பமும் போயிற்று. எங்கள் கையிலிருந்து எது வந்தாலும் அவளுக்குச் சந்தேகம். பாலை மட்டும் அரை டம்ளர் குடிப்பாள்.

"நல்லதுக்குத்தானே ஆத்தா செஞ்சேன்" என்று ஆச்சி அழுதார்.

"செத்த பேசாம இருக்கீகளா!" என்று கத்திவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு.

பிள்ளைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். "இந்த வாரமும் இப்படியே இருந்தா மூக்கு வழியா டியூப் வச்சுத்தான் ஆகணும்." முகத்தில் ஈரத்துணி பட்டாலே அலறுகிற பிள்ளை. டியூபை எப்படித் தாங்குவாள்?

வீட்டுக்கு வந்து பிள்ளையார் முன்னால் உட்கார்ந்தேன். கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "நீயும்தானே கொழுக்கட்டை கொழுக்கட்டைன்னு ஒண்ணையே கேக்குறே? உன்னை யாராச்சும் வையிறாகளா? என் பிள்ளையைக் குணமாக்குன்னு நான் கேக்கலே. ஒரு வாய் சாப்பிட வையி. அது போதும்."

அந்த வாரம்தான் பிள்ளையார் நோன்பு வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகை முடிந்ததும் தினம் ஒரு நூலாக எடுத்து வைப்போம். நோன்பன்று அதைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். இழை எடுப்பது என்று பெயர். அன்றைக்குப் பங்காளி வீட்டாரும் வந்திருந்தார்கள். பங்காளிகளில் மூத்தவர் என்பதால் என் வீட்டுக்காரர்தான் எல்லோருக்கும் இழை கொடுத்தார். சத்தத்துக்குப் பயந்து எப்போதும் உள்ளே ஒளிந்துகொள்வாள் உமையாள். அவளுக்காக இந்த முறை சங்கு ஊத வேண்டாம் என்றுவிட்டோம்.

அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம். வரிசையில் போகிறார்கள், வாங்குகிறார்கள், வாயில் போடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் என்று யாரும் யாரையும் கெஞ்சவில்லை. என் முறை வந்தபோது பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினேன். உமையாள்!

"என் தங்கம், வாயைத் தொற..." என்று ஆச்சி ஆரம்பித்தார்.

"ஆச்சி, ஒண்ணும் சொல்லாதீக" என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். சுடரை அணைத்து, திரியை எடுத்துவிட்டு, வெறும் மாவைத் தட்டில் வைத்துப் பேசாமல் நீட்டினார். உமையாள் மோந்து பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டாள். வெள்ளையாக இல்லாத ஒன்றை என் பிள்ளை மென்று விழுங்கினாள். விழுங்கிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

ஐயோ, நான் அழுத அழுகை! ஆச்சியும் அழுதார், சத்தம் கேட்டுப் பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

உமையாளுக்குத் தெரபி கொடுக்கிற மேடத்திடம் சொன்னேன். "அந்த வழியையே பிடிச்சுக்கங்க" என்றார். அன்றிலிருந்து அதே இடம், அதே தட்டு. முதலில் நாங்கள் எடுத்துக்கொள்வோம், கடைசியில் அவள். யாரும் வாய் திறப்பதில்லை, எதிலும் எதையும் ஒளித்துக் கலப்பதில்லை. மெல்ல மெல்லப் பணியாரம் திரும்பி வந்தது. எடை ஏறியது, டியூப் வைக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னார். இப்போது தயிர்ச்சோறும் சாப்பிடுகிறாள். குழம்பு ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும். ஆட்டிசம் போய்விடவில்லை, அதை நான் கேட்கவும் இல்லை. பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறாள். நானும் தூங்குகிறேன்.

ஒன்றையே தின்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு கலங்குகிற தாய்மார்களே, டாக்டரை விடாதீர்கள், பிள்ளையாரையும் விடாதீர்கள். கோபம் வந்தால் சண்டை போட்டே கேளுங்கள். கொழுக்கட்டைக்காரருக்கு உங்கள் பிள்ளையின் நாக்கு நன்றாகப் புரியும்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் உமையாள் எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். அவள் இலையில் பணியாரம் மட்டும். பரிமாற வந்தவர் கரண்டியைச் சாய்த்தார். சட்டென்று ஆச்சி தன் இரண்டு கையாலும் அந்த இலையை மூடினார்.

"பிள்ளைக்கு வேணுங்கிறது இருக்கு. நீங்க அங்குட்டுப் போங்க."

பிள்ளையாரப்பா, நான் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாய்.