அன்னக்கொடி சொல்லாத வாக்கியம்

அன்னக்கொடி இறந்ததும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று 'வீரத்தாய் மறைந்தார்' என்று நாலு வரி போட்டது. அதில் மூன்று தப்பு. வயது தப்பு. ஊர்ப் பெயரில் எழுத்துத் தப்பு. வீரத்தாய் என்ற பட்டத்தை அவள் உயிரோடிருந்தவரை ஏற்றுக்கொண்டதில்லை, அது மூன்றாவது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கண்மாய். அதன் தண்ணீரை நம்பி இரண்டு ஊர்கள், வடக்கூர், தெக்கூர். அன்னக்கொடி பிறந்தது வடக்கூரில். அவள் அப்பா மொக்கையன் சொன்னால் ஊர் கேட்கும். தெக்கூரில் அப்படிப்பட்ட ஆள் முத்துக்கருப்பன். மழை பொய்த்த ஒரு வருடம் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. யார் மடையை முதலில் திறப்பது என்று தகராறு மூண்டது.

அந்தச் சமயத்தில் அப்பாவும் மகளும் உசிலம்பட்டிச் சந்தைக்கு ஆடு விற்கப் போனார்கள். அங்கே டீக்கடையில் முத்துக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். ஊரில் முகம் கொடுக்காத இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி அன்னக்கொடி பக்கத்தில் நின்றாள். டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. தண்ணீர் பாதிப் பாதி, மடையை முறை வைத்துத் திறப்பது. இரண்டு பேருக்கும் சம்மதம்.

"அப்ப நீங்க முதல்ல உங்க மந்தையில ஊரக் கூட்டிச் சொல்லிருங்க மாமா" என்றார் முத்துக்கருப்பன்.

"நீ சொல்லு மாப்ள. பின்னாடியே நாங்களும் சொல்லிருவோம்" என்றார் மொக்கையன்.

இரண்டு பேருமே சொல்லவில்லை. முதலில் வாயைத் திறக்கிறவனை அவன் ஊரே 'விலை போயிட்டான்' என்று சொல்லும். அது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வாரமே விடியற்காலையில் மடைக்கரையில் கம்பும் அரிவாளும் மோதின. தெக்கூரில் ஒருவன் செத்தான். வடக்கூரில் செத்தவன் தங்கப்பாண்டி, அன்னக்கொடியின் அண்ணன்.

அண்ணனைக் கிடத்தியிருந்த பந்தலில் பழிக்குப் பழி என்று இளவட்டங்கள் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். அன்னக்கொடி எழுந்து டீக்கடையில் கேட்டதை எல்லோர் முன்பும் சொன்னாள். மொக்கையன் அவளைக் கன்னத்தில் அறைந்தார்.

"அடிக்கிற கைக்கு இம்புட்டு வேகம் இருக்குல்ல. அன்னைக்கு வாய்க்கு இருந்திருக்கலாம்ல" என்றாள். அதற்கப்புறம் யாரும் சத்தியம் செய்யவில்லை.

தாசில்தார் வந்து இரண்டு ஊரையும் உட்கார வைத்தார். முடிவு, பாதிப் பாதி. மடையை முறை வைத்துத் திறப்பது. விடை முன்பே தெரிந்த கணக்கு. போட்டுப் பார்க்க இரண்டு உயிர் ஆனது. சமாதானம் நிலைக்க வடக்கூர்ப் பெண் ஒருத்தியைத் தெக்கூரில் கட்டிக் கொடுப்பது என்றும் பேசினார்கள். அந்தப் பெண் அன்னக்கொடி. கேட்டிருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் யாரும் கேட்கவில்லை என்று பின்னாளில் சொல்வாள்.

தெக்கூரில் இரண்டு பிள்ளைகள் பெற்றாள். புருஷனை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்தாள். மூத்தவள் தமிழ்ச்செல்வி மின்வாரியத்தில் பொறியாளராகித் திருநகரில் குடியேறினாள். இளையவன் முத்துக்குமரன் ராணுவத்தில் சேர்ந்தான். கண்மாய்க் கரையில் ஓடி ஓடித் தேர்வானான். அவன் ஓடிவிட்டு வருமுன் அவள் கேப்பைக் கூழைக் கரைத்து வைத்திருப்பாள். அவன் சீருடை போட்டு வந்த அன்று ஊரில் அவள் படியேறாத வீடு இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அவனை நிறுத்திக் காட்டினாள்.

எல்லையில் ஒரு குண்டுவீச்சில் அவன் செத்தான். யார் முதலில் சுட்டது என்பதற்கு இரண்டு பக்கமும் இரண்டு கதை இருந்தது. கொஞ்ச நாளில் பேசினார்கள், சுடுவதை நிறுத்தினார்கள். எல்லைக்கோடு பழைய இடத்திலேயே இருந்தது. தொலைக்காட்சியில் அதைக் கேட்ட அன்னக்கொடி, "திரும்பவும் பாதிப் பாதியா" என்றாள்.

அவனுடைய வருட நினைவுக்கு ஊரார் கல் வைக்க முடிவு செய்தார்கள், திறந்துவைக்க ஒரு கட்சித் தலைவரைக் கூப்பிட்டார்கள். முன்னால் நின்றவன் பேயாண்டி, அவளுடைய கொழுந்தனார் மகன்களில் மூத்தவன். கெட்டவன் இல்லை. முத்துக்குமரனோடு ஒன்றாக ஓடியவன், உயரம் போதாமல் திரும்பி வந்தவன். நம் ஊர்ப்பக்கம் காது குத்தென்றாலும் கருமாதியென்றாலும் முதலில் ஃப்ளெக்ஸ் அடித்துவிடுவார்கள். சம்பந்தப்பட்டவரைக் கேட்பது அப்புறம். பேயாண்டியும் அப்படியே செய்தான்.

பஸ் நிறுத்தத்தில் கூரையை மறைக்கிற உயரத்துக்குப் போர்டு நின்றது. நடுவில் முத்துக்குமரன். பக்கத்தில் அன்னக்கொடி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுப்பாக்கிய முகத்தோடு. அவள் படத்துக்குக் கீழே மேற்கோள் குறிக்குள், 'இன்னொரு மகன் இருந்தாலும் போருக்கு அனுப்புவேன்!' அதற்கும் கீழே ஊர் இளைஞர்களின் முகங்கள் வரிசையாக.

அதே வாக்கியம் கல்லிலும் ஏறப்போகிறது, திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு பட்டறையில் வேலை நடக்கிறது என்று பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் சொன்னார்கள்.

அன்னக்கொடி வீட்டுக்குப் போய்த் தொரட்டியை எடுத்து வந்தாள். ஆட்டுக்குத் தழை அறுக்கிற நீளக் கம்பு, நுனியில் சின்ன அரிவாள் கட்டியது. பட்டப்பகலில், ஊர் பார்க்க, அந்த வாக்கியத்தை மட்டும் போர்டிலிருந்து அறுத்து எடுத்தாள். மகன் படத்தில் கீறல்கூட விழவில்லை.

சேதி கேட்டுத் தமிழ்ச்செல்வி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது மந்தையில் கூட்டம் கூடியிருந்தது. அம்மாவைத் தனியாக இழுத்துப் போய், ஊரும் நாடும் ஒன்றா என்று கேட்டாள். கண்மாய்க்குத் தாசில்தார் இருந்தார், நாடுகளுக்கு மேலே தாசில்தார் யார்? படித்தவள் கேட்கிற நியாயமான கேள்விதான்.

"பாதிப் பாதின்னு தாசில்தாரா கண்டுபிடிச்சாரு? அது டீக்கடையிலயே இருந்துச்சுடி. 'அவரு சொல்லிட்டாரு, நாங்க என்ன பண்றது'ன்னு ஊருல சொல்லிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான் அவரு வந்தாரு" என்றாள் அன்னக்கொடி. மகள் அம்மாவுக்குப் பின்னாலேயே மந்தைக்கு நடந்தாள்.

கூட்டத்தில் ஆளாளுக்குக் குறைபட்டார்கள். கௌரவம் செய்ய வந்த இடத்தில் அவமானம் என்றார்கள். பேயாண்டிக்குக் கண் கலங்கியிருந்தது.

"தலைவரு வாராரு பெரியாத்தா. இப்படி அறுத்து வச்சா எங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"அதான் போர்டுல கீழ வரிசையா வச்சிருக்கீங்களே. பத்தாதா?"

சிரிப்பு எழுந்தது. பேயாண்டியும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பின்வரிசையிலிருந்து ஒருவன் மட்டும், கிழவி எதிரிக்குப் பரிந்து பேசுகிறாளா என்று கேட்டான். சிரிப்பு நின்றது. அன்னக்கொடி அவன் பக்கம் திரும்பினாள்.

"எம்மகன் ஓடல. நின்டு செத்தான். அது அவன் பெருமை, அதுல ஒருத்தரும் கை வைக்க வேணாம். அடிக்க வர்றவன அடிக்கத்தான் வேணும், அதுக்குத்தான் அவன் போனான். நான் கேக்குறது அதுக்கு முந்துன கதைய. பேசுனா முடியும்னு ரெண்டு பக்கமும் பெரியாளுகளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் முதல்ல பேச மாட்டேங்கிறாங்க? எதிரிக்குப் பயந்தா? உங்களுக்குப் பயந்து. விலை போயிட்டான்னு சொல்லிருவீகளேன்னு பயந்து. நீங்க கத்தக் கத்த அவுக வாய் பூட்டிக்கிருது. அந்தப் பூட்ட என் பேரப் போட்டு நீங்க செய்றீக. அதுக்கு என் பேரத் தரமாட்டேன்."

வாக்கியத்தை மாற்றி, 'பெருமையோடு அனுப்பினேன்' என்று மட்டும் போடலாமா என்று ஒரு பெரியவர் சமரசம் பேசினார். அதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால், 'பேசியிருந்தால் வந்திருப்பான்' என்று போடுங்கள், அதை நான் சொன்னேன் என்றும் போடுங்கள் என்றாள். அதைக் கல்லில் வெட்ட ஊருக்குத் துணிச்சல் இல்லை. இரண்டும் வேண்டாம் என்று கூட்டம் கலைந்தது. பேயாண்டியே பட்டறைக்குப் போய் வேலையை நிறுத்தினான். நல்லவேளை, எழுத்து அந்த வரிவரை இறங்கியிருக்கவில்லை.

திறப்பு நாளில் தலைவர் துணியை விலக்கினார். பெயர் இருந்தது. பிறந்த தேதி, இறந்த தேதி, படைப்பிரிவு. கீழே வெறும் கல். அன்னக்கொடியை மேடையில் உட்கார வைக்கவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஃப்ளெக்ஸுக்கு எழுதிக் கொடுத்த தாள்தான் அவர் கையிலும் இருந்தது.

"இந்த வீரத்தாய் என்ன சொன்னார் தெரியுமா? இன்னொரு மகன் இருந்தாலும்..." என்று மைக்கில் ஆரம்பித்தார்.

அன்னக்கொடி எழுந்தாள்.

"நான் சொல்லல."

மைக் இல்லாத குரல். முன்வரிசைகளுக்கு மட்டும் கேட்டது. தலைவர் சிரித்துச் சமாளித்துத் தொடர்ந்தார். அவள் உட்காரவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பக்கத்து நாற்காலியிலிருந்த தமிழ்ச்செல்வி கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அசையவில்லை. அதற்கப்புறம் இழுப்பதை விட்டுவிட்டு மகளும் எழுந்து நின்றாள்.

ஊரார் தலைவரைப் பார்க்க முடியாமல், அவளையும் பார்க்க முடியாமல் நெளிந்தார்கள். பழி, ரத்தம், கணக்குத் தீர்ப்போம் என்று தலைவர் குரலை உயர்த்திய இடங்களில் கைதட்டல் வரவில்லை. தட்ட வேண்டிய கைகள் எல்லாம் அவள் கண்ணுக்கு எதிரே இருந்தன. தட்டத் தூக்கிய கையை ஒரு பையன் மெதுவாகத் தொடைமேல் வைத்துக்கொண்டான். தலைவர் தண்ணீர் கேட்டார், பேச்சைச் சுருக்கினார், இறங்கிக் காரில் ஏறினார்.

கார் கண்மாய்க் கரை தாண்டும்வரை அன்னக்கொடி நின்றுகொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மகன் பெயருக்கு எதிரே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.