ஊர்ப் புளியும் வீட்டுக்காரர் கடிகாரமும்

கடிகாரத்தைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை, தில்லி முனிர்காவில் எங்கள் மொட்டைமாடி அறையில் இருந்தவர்கள் நான், அறைத்தோழன், அவனைப் பார்க்க விருதுநகரிலிருந்து வந்திருந்த அவனுடைய அம்மா. இல்லாதவர் கடிகாரத்தின் சொந்தக்காரர், அதாவது எங்கள் வீட்டுக்காரர். ரோத்தக்கில் ஏதோ கல்யாணம்.

கிளம்பும்போது பேரம் பேசிவிட்டுத்தான் போனார். அறையை அண்ணன் மகனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், பெண்டுல கடிகாரத்தை என் கையில் தந்து, "நீ படா-லிக்கா, நாலெழுத்துப் படித்த பையன். மாமனார் கொடுத்தது, மணி அடிக்க மாட்டேங்குது. அடிக்க வை, பரீட்சை முடியும்வரை அறை உங்களுக்குத்தான்" என்று இந்தியில் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் வேறு. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அறையை விட்டால் பரீட்சை நேரத்தில் எங்கே போய் நிற்பது?

உள்ளே பித்தளைத் தகடுகள் மேல் பழைய எண்ணெய் கறுத்துத் தார் மாதிரி ஒட்டியிருந்தது. ஓரங்களில் பச்சைக் கறை. கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு தகட்டையும் பல்சக்கரத்தையும் செய்தித்தாளில் இடமிருந்து வலமாக வைத்தேன். பெட்ரோலில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். "யாரும் தொடக்கூடாது, பாத்துக்க" என்று தோழனிடம் சொல்லிவிட்டுப் போனேன். பாட்டிலில் ஊற்றித்தர பங்க்கில் மறுத்துவிட்டார்கள். ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருவரிடம் கெஞ்சி அரை பாட்டில் வாங்கித் திரும்பினேன்.

செய்தித்தாள் காலி. மாடிச் சுவர்மேல் ஓர் எவர்சில்வர் தாம்பாளம். அதற்குள் என் சக்கரங்களும் தகடுகளும் குவியலாக, வெயிலில், தங்கம் மாதிரி.

"ஏந்தம்பி, ஒரே பிசுக்காக் கெடந்துச்சு. நம்மூருப் புளியப் போட்டு ஒரு தேய் தேய்ச்சேன். சாமி வெளக்கு கெட்டது போ!" என்றார் அம்மா. முகமெல்லாம் சந்தோஷம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளி அது. இங்கே கிடைப்பது குழம்புக்கே ஆகாது என்று எங்களைத் தொடவிடாமல் வைத்திருந்த புளி.

தோழன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்தான். பார்த்தான். என் காதருகில், "டேய், அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராத" என்றான்.

"நீ என்னடா பண்ணிக்கிட்டு இருந்த?"

"குளிக்கப் போனேன். அது தப்பா?"

புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை விட்டுவைக்கும் என்பதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றேன்.

சாயங்காலத்துக்குள் தகடுகளில் ரோஸ் நிறத்தில் திட்டுத்திட்டாக வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, பார்வைக்குத்தான். பித்தளைக்கு நடுவே இருந்த இரும்பு அச்சுகளில் துரு பூத்திருந்தது. கறை போகட்டும் என்று பாலிஷ் போட்டேன். அது வெள்ளைப் பசையாகப் பல் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. ஊசியால் ஒவ்வொரு பல்லாகக் குத்தி எடுத்தேன். ஒன்றைத் துடைத்தால் அடுத்ததில் புதுக்கறை. என் விரல்பட்ட இடம்கூட மறுநாள் ரேகையோடு கறுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரிசையும் போய்விட்டதால் எது எங்கே என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பூட்டினேன். நாலு முறை டிக் என்றது, நின்றது. பெண்டுலத்தைத் தள்ளிவிட்டேன். மறுபடி நாலு.

அம்மா ஊருக்கு ரயிலேறினார். வீட்டுக்காரர் திரும்பி வந்தார். பின்கதவைத் திறந்து பார்த்ததும், "அரே வா, சோனா!" என்றார், தங்கமாம். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அப்புறம் முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டுக் காதைக் கொடுத்தார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"சமக்தி ஹை, பஜ்தி நஹி" என்றார். மின்னுகிறது, அடிக்கவில்லை. மாமனார் கடிகாரத்தைச் சரியாக்கித் தந்துவிட்டு அறையைக் காலி பண்ணுங்கள் என்றார்.

கோல் மார்க்கெட் கடையில் அச்சுகளை மாற்றிய கூலி, ஜனக்புரிக்குச் சாமான் ஏற்றிய டெம்போ, அங்கே புது அறைக்கு முன்பணம். தாம்பாளத்தில் பளபளத்த அந்த ஒரு மத்தியானத்துக்கு எங்கள் இருவருக்கும் ஆனது மூவாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.