ஆரின் விட்டுவந்த செப்பு மணி

ஒரு காலத்தில் அமெரிக்காவில் வழி தெரியாமல் முழித்த அத்தனை பேரும் எங்கள் ஊருக்குத்தான் போன் செய்தார்கள், ஜனாதிபதி உட்பட. சரி, ஜனாதிபதி என் கைச்சரக்கு. மிச்சப் பேரிலும் பாதியைத் தள்ளிவிடுங்கள். ஆனால் ஓரிகன் மாநில மலையில், மர அறுவை மில் மூடிப்போன எங்கள் ஊரில், ஒரு கணினி விளையாட்டுக் கம்பெனி இருந்தது நிஜம். அதன் 'சாம்பல் ராஜ்ஜியம்' வரிசையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் துப்புச் சொல்ல, வெல்மா டகெட் போனும் கையுமாக உட்கார்ந்திருந்ததும் நிஜம்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் விடையைச் சொல்லக் கூடாது. "பையில என்னென்ன வச்சிருக்கீங்க?" என்றுதான் தொடங்க வேண்டும். ஆட்டத்தில் சேர்த்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பேருக்கு எதை விட்டோம் என்று உறைத்துவிடும்.

பிறகு கம்பெனியும் மூடியது. ஐந்து பாகங்களும் ஓர் அட்டைப்பெட்டியில் வெல்மாவோடு வீட்டுக்கு வந்தன. அவள் புருஷன் ஆரின் மில்லில் மரத்தூளைச் சுவாசித்தே நுரையீரலைத் தொலைத்தவர். பழுப்பேறிய கணினியில் நான்கு பாகங்களைத் திரும்பத் திரும்ப ஆடுவார். பெண்டாட்டியிடம் ஒரு துப்புக் கேட்டதில்லை. ஐந்தாவதை மட்டும், கடைசி ஜாடிப் பீச் பழம் போல, தொடாமல் வைத்திருந்தார்.

பனி உருகும்வரை தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்று அதைத் திறந்தார். முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கடைசி வாசல்வரை வந்துவிட்டார். அங்கே ஒரு குருட்டுக் காவலன். செப்பு மணியின் ஓசை கேட்டால்தான் கதவைத் திறப்பான். அந்த மணியோ முதல் கிராமத்துக் கிணற்றடியில், ஓர் ஆட்டின் கழுத்தில் தொங்குவது. ஆற்றைக் கடந்தபின் திரும்பிப் போக வழியில்லை. சூப்போடு பின்னால் நின்ற வெல்மா திரையைப் பார்த்தாள். பையில் மணி இல்லை.

"ஆட்டத்தப் பழைய இடத்துல எங்கயாவது சேமிச்சு வச்சிருக்கியா? அங்கேருந்து தொடரலாம்ல?" என்றாள்.

"எதுக்கு? ஒரு ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு சேமிப்பு. பழசு மேலயே எழுதிட்டு வந்தேன்."

மறுபடி முதலிலிருந்து ஆட அவருக்கு நாள் இல்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. ஆரின் காவலனிடம் கயிற்றை நீட்டினார், பாலாடைக்கட்டியை நீட்டினார். அவன் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். வாரம் ஒன்று போனது. இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது.

"ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பல்வலியா?"

"சூப்பக் குடி, கிழவா."

ஒருநாள் மவுஸைக் கீழே வைத்தார். "ஊரான் பிள்ளைக்கெல்லாம் சொன்னியே வெல்மா. எனக்கும் ஒண்ணு சொல்லேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, போனில் பேசுகிற குரலில் கேட்டாள்: "பையில என்னென்ன வச்சிருக்கீங்க, சார்?"

"கயிறு. பாலாடைக்கட்டி. ஆந்தை இறகு. உடைஞ்ச சாவி..." அவர் நிறுத்தினார். "ஆடு," என்றார். "அந்தச் சனியன் புடிச்ச ஆடு."

"ஆமா."

"உனக்கு எப்போ தெரியும்?"

"நீ வாசலுக்கு வந்த அன்னைக்கே."

"சொல்லாமலே விட்டிருக்கலாம்."

"நீ கேட்ட."

மவுஸை மறுபடி எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார்.

அப்புறமென்ன, ஆரின் வெறிபிடித்தவர்போல் ஆடினார். ஆற்றைத் தாண்டினார், வாசலில் நின்று மணியை ஆட்டினார். கதவு திறந்தது. உள்ளிருந்து வந்த வெளிச்சம் முகத்தில் விழ, அப்படியே கண்ணை மூடினார்.

எழுதியதை வெல்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கதவாவது, தொறக்கிறதாவது. கிணத்தடியையே தாண்டல அந்தக் கிழம். ஆட்டுக்கு ரொட்டி குடுத்து மணிய எடுத்துச்சு, சேமிச்சுச்சு. அவ்வளவுக்குத்தான் மூச்சு இருந்துச்சு. ஆனா பழசு மேல எழுதல. புதுசா ஒரு சேமிப்பு, என் பேர்ல. நான் இன்னும் அதத் தொறக்கல. நீ வெளிச்சம் கிளிச்சம்னு எழுதி வைக்காத."