தண்ணீர் உருண்டை

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே "போய் வேலையப் பாருய்யா" என்று விரட்டுகிற ஆள்தான் நானும். இது பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது.

நான் ஸ்கேன் டெக்னீஷியன். விபத்தில் அடிபட்ட என் தங்கை மூன்று வாரமாக எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நினைவில்லாமல் கிடந்தாள். அன்று அவளுக்குக் கடைசிப் பரிசோதனை. ஒரு குரல் காதில் விழுந்தால், மூளையில் கேட்கிற இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பாயும். ஐந்தாறு நொடியில் அந்த இடம் திரையில் மஞ்சளாகும். மஞ்சள் வந்தால் வைத்தியம் தொடரும். வராவிட்டால் மூச்சு மெஷினை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தினமும் முதல் ஆள் வருமுன் மெஷினைச் சோதிப்போம். தலை வைக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டையை வைத்துப் படம் எடுப்போம். அன்று எனக்கு ஒரே பதற்றம். பதிவு செய்திருந்த அம்மாவின் குரல் சரியாகக் கேட்கிறதா என்றும் பார்த்துவிடலாமென்று, இரண்டையும் ஒன்றாக ஓட்டினேன்.

மணி 9.10. டக்... டக்... டக்... மெஷின் தட்ட ஆரம்பித்தது.

"பாப்பா... அம்மா வந்திருக்கேண்டி. கண்ணத் தொறந்து பாரு."

ஐந்து நொடி... ஆறு...

திரையில் மஞ்சள்.

இரண்டு புள்ளிகள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. உருண்டைக்குக் காது இருந்தால் இருக்கும் இடத்தில்.

சனியன் பிடித்த மெஷின் என்று திட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். குரல் நின்றது... மஞ்சள் அணைந்தது. குரல் வந்தது... மஞ்சள் வந்தது. வெறும் தண்ணீர் அது. ரத்தம் ஏது?

அம்மாவின் குரலை நிறுத்திவிட்டு மைக்கை அழுத்தினேன்.

"பாப்பா... அண்ணன் பேசறேன்டி. நீயா?"

மூன்றாவதாக ஒரு புள்ளி. முன்பக்கம், இடது ஓரம்.

அது அணையவே இல்லை.

"கொண்டு வந்துட்டோம் சார்" என்று நர்ஸ் கதவைத் தள்ளினாள். உருண்டையை எடுத்துவிட்டுத் தங்கையைப் படுக்கவைத்தோம். அம்மாவின் குரலை ஓட்டினேன். நானும் கூப்பிட்டேன். கெஞ்சினேன்.

ஒன்றும் வரவில்லை. எல்லாம் சாம்பல் நிறம்.

டாக்டரிடம் சொன்னேன். "சார், அவ கேட்டா சார்... அந்த உருண்டையில..."

"நீங்க கொஞ்சம் உக்காருங்க."

மதியம் மூச்சு மெஷினை நிறுத்தினார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உன் ஸ்கேன் மெஷின்தானேடா... ஏதாவது பண்ணேண்டா!" என்னால் ஒரு மண்ணும் பண்ண முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, வெளியூரிலிருந்து ஒரு மூளை நிபுணர் வந்தார். அந்த மூன்று புள்ளிகளை மட்டும் ஒரு மூளைப் படத்தின் மேல் பதித்து அவரிடம் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை.

"நல்லாவே காது கேக்குது" என்றார். பிறகு மூன்றாவது புள்ளியில் விரலை வைத்தார்.

"இது பேசற இடம். பதில் சொல்லப் பாக்கறாங்க. பாவம், ரொம்பப் போராடறாங்க... இவங்கள விட்றாதீங்க, சார்."