ரிஸானா பிரித்து வைத்த மென்பொருள்கள்

ரிஸானா தினமும் கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வருவாள். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கணினி லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே எல்லாக் கம்ப்யூட்டரும் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடின. முன்பு இருந்தவர்கள் எந்த மென்பொருளை ஏற்றினாலும் அதன் கோப்புகளை ஒரே பொது இடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். எது எதற்குரியது என்று யாருக்கும் தெரியாது. ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று ஒருவரும் கை வைக்கவில்லை.

கடைசி வருடப் பிள்ளைகள் சர்க்யூட் வரையும் மென்பொருளின் புதிய பதிப்பைக் கேட்டார்கள். ரிஸானா பழசை அழித்துவிட்டுப் புதிதை ஏற்றினாள். மறுநாள் கணக்கு மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்றது. அதற்கு வேண்டிய கோப்பு ஒன்றும் பழசோடு சேர்ந்து போயிருந்தது. போதாக்குறைக்கு, இரண்டாம் வருடத்தார் வரைந்து வைத்திருந்த படங்கள் புதிய பதிப்பில் கோணல்மாணலாகத் தெரிந்தன. திங்கட்கிழமை அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு.

ரிஸானா நினைத்திருந்தால் கரண்ட் போனது, வைரஸ் வந்தது என்று சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரே எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் மாரிசெல்வத்திடம் போய் நின்றாள்.

"சார், நான் அழிச்சதுலதான் எல்லாம் போச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஆனது ஆகிப்போச்சு. பழசைத் திரும்பப் போட்டுரலாமா?"

"போட்டுரலாம் சார். ஆனா முன்ன மாதிரியே கொட்டி வச்சா நாளைக்கும் இதே பாடுதான். தனித்தனியா பிரிச்சு வைக்கேன். சனிக்கிழமை லேபை எனக்கு விட்டுருங்க."

சனிக்கிழமை முதலில் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு மென்பொருளுக்கும், அதன் ஒவ்வொரு பதிப்புக்கும், தனி போல்டர். அதற்கு வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே. பொது இடத்தில் அந்தந்தப் போல்டரைக் காட்டும் லிங்க் மட்டும். பழைய சர்க்யூட் மென்பொருளும் புதியதும் இப்போது ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் இருந்தன.

மத்தியானம் மாரிசெல்வம் எட்டிப் பார்த்தபோது, அவள் புதிய பதிப்பின் போல்டரை மொத்தமாக அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், மறுபடியும் அழிக்கீங்க!"

"பாருங்க சார்" என்று பழைய பதிப்பைத் திறந்தாள். வந்தது. கணக்கு மென்பொருளும் வந்தது. அழித்ததை மறுபடி ஏற்றினாள். அதுவும் ஓடியது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அடுத்த மிஷினை நான் செய்யுதேன், சொல்லுங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் இருவருமாக லேப் முழுவதையும் முடித்தார்கள். திங்கட்கிழமைத் தேர்வு சலசலப்பில்லாமல் நடந்தது. பிள்ளைகளுக்கு எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. வீடு திரும்புகையில் ரிஸானாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பாதி வழியில் இருக்கும் புளியங்குடி வரும்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.